அழும் பச்சைப்பிள்ளை: தாய்மார்களும் பாட்டிமார்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை

விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் 28 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தேன். பிள்ளை பெற்ற வீட்டுப் படியேறினால், எடை பார்க்கும் தராசை எடுக்கும் முன்பே கேள்வி வந்துவிடும்: "ஏன் சிஸ்டர் இப்படி அழுறான்?" ஓய்வு பெற்ற பிறகு பஸ்ஸில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். ராத்திரி 2 மணிக்கு வாட்ஸப்பில் அழுகுரலைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பிறந்ததிலிருந்து ஏழெட்டு மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். இப்போதே பயத்தில் இருப்பவர்கள் 14-ஆம் கேள்வியை முதலில் படியுங்கள்.

1. "பால் குடுத்தாச்சு, துணி மாத்தியாச்சு, இன்னும் அழுறான். வேற எதுக்குத்தான் அழுவான்?"

பசியும் ஈரமும் இல்லையென்றால் அடுத்தது ஏப்பம். தோளில் சாய்த்து முதுகைத் தடவிக்கொண்டே கொஞ்சம் நடங்கள். அதற்கடுத்து புழுக்கம். சித்திரை வெயிலில் தொப்பி, ஸ்வெட்டர், காலுறை என்று மூட்டையாகக் கட்டி வைத்த பிள்ளைகளை எத்தனையோ வீடுகளில் அவிழ்த்து விட்டிருக்கிறேன். அவிழ்த்த ஐந்தாவது நிமிடம் அழுகை நின்றுவிடும். கையைத் தொட்டுப் பார்த்து "சில்லுனு இருக்கே" என்று போர்த்தாதீர்கள். பச்சைப்பிள்ளைக்குக் கைகால் எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள், அங்கே வேர்த்திருந்தால் ஒரு துணி அதிகம்.

அடுத்து அலுப்பு. பேர் வைக்கிற அன்றைக்கு இருபது பேர் கையில் மாறி மாறி இருந்த பிள்ளை அன்று ராத்திரி வீறிடும். தூக்கம் வந்தும் தூங்கத் தெரியாமல் அழுகிற அழுகை அது. விளக்கை அணைத்து, ஒரே ஆள் தோளில், பேச்சுச் சத்தம் இல்லாமல் வைத்திருங்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு உடம்பு முழுவதையும் ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்பது என் வழக்கம். எறும்புக் கடி, இறுகிய அரைஞாண், தொடை இடுக்குப் புண் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். ஒன்றுமே கிடைக்காமலும் அழுகை நிற்காமலும் இருக்கும் நாட்கள் உண்டு. அதைப் பற்றி அடுத்த இரண்டு பதில்களில் சொல்கிறேன்.

2. "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அழுதா சரின்னு சொல்வீங்க?"

நாம் நினைப்பதைவிட அதிகம். 1962-ல் பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், நல்ல ஆரோக்கியமான 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களை நாட்குறிப்பு எழுத வைத்து அளந்தார். இரண்டாவது வாரத்தில் நாளுக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம். ஆறாவது வாரத்தில் இரண்டேமுக்கால் மணி நேரம். பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு மணி நேர அளவுக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு பல நாடுகளில் பார்த்தவர்களும் ஏறி இறங்கும் இந்த மலையைத்தான் கண்டார்கள்.

ஒன்றரை மாதத்தில் உச்சிக்கு வரும், மூன்று நான்கு மாதத்தில் இறங்கிவிடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல் டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம்: முதல் சில வாரங்கள் அழுதாலும் கண்ணீர் வராது. கண்ணீர் இல்லாததால் பொய் அழுகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

3. "விளக்கு வைக்கிற நேரமானா சொல்லி வச்ச மாதிரி ஆரம்பிக்குது. கண்ணேறா? காத்துக் கருப்பா?"

இந்தக் கேள்வி வராத வீடே இல்லை. முகம் சிவக்கும், காலை வயிற்றோடு மடக்கும், கையை இறுக மூடும், பாலும் வேண்டாம் என்று திருப்பிக்கொள்ளும். மற்ற நேரமெல்லாம் நன்றாகக் குடித்து, எடையும் ஏறிக்கொண்டிருக்கும். இதை மருத்துவத்தில் கோலிக் என்கிறார்கள். 1954-ல் மோரிஸ் வெசல் என்ற மருத்துவர் ஒரு கணக்கு வகுத்தார்: நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல். இப்போது 3 வாரம் எண்ணிக்கொண்டு காத்திருக்கச் சொல்வதில்லை. ஏன் வருகிறது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. வயிற்றுக் காற்றுதான் காரணம் என்றும் நிரூபணம் இல்லை. அழும்போது விழுங்குகிற காற்றாலேயே வயிறு உப்பிப்போவதும் உண்டு.

திருஷ்டி கழிப்பதால் வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் ஆறும் என்றால் கழித்துக்கொள்ளட்டும். பிள்ளையை வாசலில் காற்றாட வைத்துக்கொண்டு அதைச் செய்யுங்கள். மிளகாய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் பிள்ளை இருக்கும் அறைக்குள் வரவே கூடாது. அந்தச் சின்ன மூச்சுக்குழல் அதைத் தாங்காது.

4. "அழுகைச் சத்தத்தை வச்சே பசியா வலியான்னு கண்டுபிடிச்சுடலாமாமே?"

ஓரளவுக்கு. வலி என்றால் திடீரென்று உச்சத்தில் ஆரம்பித்து, நடுவில் மூச்சை இழுத்துப் பிடித்து, மறுபடி வீறிடும். தூக்கக் கலக்கம் சிணுங்கலாக இழுக்கும். ஆனால் சத்தத்தை மட்டும் கேட்டு எந்தச் செவிலியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடைசியாக எப்போது குடித்தது, எப்போது தூங்கியது என்பதையும் சேர்த்துத்தான் நாங்கள் சொல்கிறோம். அழுகையை மொழிபெயர்க்கும் செயலியை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பசியைப் பொறுத்தவரை அழுகை கடைசிக் குறிப்பு. அதற்கு முன்பே வாயைச் சப்புக் கொட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், தலையைத் திருப்பித் தேடும். அப்போதே மாரில் போட்டுவிட்டால் பாதி அழுகை வராது. எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் காத்லீன் வெர்ம்கே குழுவினர் 2009-ல், பிறந்து சில நாளே ஆன பிரெஞ்சு, ஜெர்மன் குழந்தைகளின் அழுகையை ஒப்பிட்டார்கள். பிரெஞ்சுக் குழந்தைகள் ராகத்தை ஏற்றி அழுதன, ஜெர்மன் குழந்தைகள் இறக்கி அழுதன. அந்தந்த மொழியின் ஏற்ற இறக்கம் அது. வயிற்றுக்குள் இருந்தபோதே அம்மா பேசுவதைக் கேட்டுக் கற்றிருக்கின்றன.

5. "பால் பத்தலை, அதான் அழுறான்னு அத்தை சொல்றாங்க. பவுடர் பால் கலக்கட்டுமா?"

அழுகையை வைத்துப் பாலை அளக்கக் கூடாது. ஒன்றுக்குப் போவதையும் எடையையும் வைத்து அளக்க வேண்டும். ஐந்தாறு நாள் கழிந்த பிள்ளை 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போகிறதா? பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்துக்குள் மறுபடி எட்டியதா? அதன் பிறகு முதல் மூன்று மாதம் நாளுக்கு 25, 30 கிராம் அளவுக்கு ஏறுகிறதா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் பால் போதுகிறது. முதல் சில நாளில் எடை சற்றுக் குறைவது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளது.

நாளுக்கு 8 முதல் 12 தடவை குடிப்பது இயல்பு. சில நாட்கள், முக்கியமாக 3-ஆம் வாரத்திலும் 6-ஆம் வாரத்திலும், சாயங்காலம் முழுக்க மாரை விட்டு இறங்காது. "நேத்து வரைக்கும் பத்துச்சு, இன்னைக்கு வத்திப்போச்சு" என்று தாய் பயந்து பவுடர் டப்பாவைத் திறப்பது அப்போதுதான். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். பவுடர் பால் குடித்த பிள்ளை மாரில் குறைவாகச் சப்பும், நாலு நாளில் அத்தை சொன்னது உண்மையாகிவிடும். எடை ஏறவில்லை என்றால் மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். பிள்ளை மாரைப் பிடிக்கும் விதத்தைத் திருத்தினாலே பெரும்பாலும் சரியாகிறது.

6. "வெயில் கொளுத்துது. ரெண்டு சங்கு தண்ணி குடுத்தா என்ன?"

வேண்டாம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை, அக்னி நட்சத்திரத்திலும், பாலைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. தண்ணீரைக் குடித்த வயிற்றில் பாலுக்கு இடம் குறையும், வயிற்றுப்போக்கும் வரும். தாகமாக இருக்கும் என்று தோன்றினால் கூடுதலாக ஒருமுறை மாரில் போடுங்கள். தண்ணீரைத் தாய் குடிக்கட்டும்.

7. "கிரைப் வாட்டர் ஒரு மூடி குடுத்தா கப்புன்னு நிக்குதே. நாமெல்லாம் அதுல வளர்ந்தவங்கதானே சிஸ்டர்?"

நானும் அதில் வளர்ந்தவள்தான். 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்தாளுநர் உருவாக்கியது அது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, அவற்றோடு கொஞ்சம் சாராயச் சத்தும் பழைய கலவையில் இருந்தன. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கப்பென்று நின்றதில் ஆச்சரியம் இல்லை. இப்போது சாராயச் சத்தை எடுத்துவிட்டார்கள். அப்படியும் நிற்கிறதே என்றால், நாக்கில் இனிப்புப் பட்டால் பச்சைப்பிள்ளை சற்று நேரம் அடங்கும். கோலிக்கை அது குணப்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. காற்று பிரிய என்று தரும் சிமெதிகோன் சொட்டு மருந்தும், சோதித்துப் பார்த்தபோது மருந்தே இல்லாத வெறும் சொட்டைவிட மேலாக வேலை செய்யவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. வயிற்று வலிக்கு என்று மருந்துக் கடையில் கொடுக்கும் சில சொட்டு மருந்துகளில் டைசைக்ளோமின் இருக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது மூச்சையே நிறுத்திவிடக் கூடியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய பாட்டிலை வாங்கி ஊற்றாதீர்கள். லேபிளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

8. "உரை மருந்து, வசம்பு, தேன்? இதெல்லாம் இயற்கைதானே?"

வசம்புக்குப் "பிள்ளை வளர்ப்பான்" என்றே பெயர் வைத்த ஊர் நம்முடையது. அதனால் இதைச் சொல்லும்போது பாட்டிமார்கள் முகம் வாடும். ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. வசம்பில் அசரோன் என்ற பொருள் இருக்கிறது. உடம்புக்குக் கெடுதல் என்று அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள். உரைகல்லில் இழைக்கும்போது ஒரு நாள் நாலு இழை, ஒரு நாள் பத்து இழை. அளவு யாருக்கும் தெரியாது. ஜாதிக்காய் கூடிப்போனால் பிள்ளை மயங்கிக் கிடக்கும், வீட்டில் "நல்லாத் தூங்குறான்" என்று சந்தோஷப்படுவார்கள். உரைகல்லும் சங்கும் சுத்தமாக இல்லாமல் வந்த வயிற்றுப்போக்கை நானே பார்த்திருக்கிறேன்.

தேனை ஒரு வயது வரை தொட்டு வைக்கவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை பச்சைப்பிள்ளையின் குடலில் முளைத்து உடம்பையே துவளச் செய்யும் நோயைத் தரும். காய்ச்சினாலும் அந்த விதை சாகாது. வசம்பு வளையலையும் கழற்றிவிடுங்கள், பிள்ளை அதைத்தான் சப்பிக்கொண்டிருக்கும்.

9. "உரம் விழுந்திருக்குன்னு சொல்லி ஒரு பாட்டிகிட்ட தூக்கிட்டுப் போகச் சொல்றாங்க. போகலாமா?"

வேண்டாம். உரம் என்று சொல்லும் சுளுக்கை எடுக்கப் பிள்ளையைப் பழைய வேட்டியில் கிடத்தி இரண்டு பக்கமும் பிடித்து உருட்டுவார்கள். பிள்ளைக்குக் கழுத்து நிற்கும் வயது இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு நல்ல கவனிப்பு இருக்கிறது: தூக்கும்போது மட்டும் பிள்ளை அழுகிறது என்று யாரோ பார்த்திருக்கிறார்கள். பிரசவத்தில் காறை எலும்பு முறிந்திருக்கலாம், எங்கோ அடிபட்டிருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். ஒரு கையை மட்டும் அசைக்காமல் இருந்தாலும், தலை ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

குடல் தட்டுவது, தொக்கம் எடுப்பது, வயிற்றில் சூடு போடுவது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதையும், பிள்ளையின் மார்க்காம்பைப் பிதுக்கிப் பால் எடுப்பதையும் நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குப் போகும், பிதுக்கிய மார் சீழ் கட்டும். மெல்லத் தேய்த்துவிடும் எண்ணெய்க் குளியலை நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். குளித்து, குடித்து, மூன்று மணி நேரம் தூங்கும் பிள்ளையைப் பார்ப்பது எத்தனை ஆறுதல்!

10. "எந்நேரமும் தூக்கி வச்சு கைச்சூடு பழக்கிட்டேனாம். கீழ விட்டுப் பழக்கணுமா?"

முதல் மூன்று நான்கு மாதத்தில் தூக்கிக் கெட்டுப்போன பிள்ளை கிடையாது. 1986-ல் கனடாவில் ஹன்சிகர், பார் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். அழாதபோதும் பிள்ளையைக் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருக்கும்படி சில பெற்றோரிடம் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. ஏற்கெனவே கோலிக் பிடித்த பிள்ளைக்கு இந்த அளவுக்குப் பலன் தெரிவதில்லை. ஆனாலும் தூக்குவதால் கெடுதல் ஒன்றும் இல்லை.

தூக்கி வைத்திருப்பவர் தாயாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை. "கைச்சூடு" என்று குறை சொல்பவரிடமே பிள்ளையை ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டுத் தாய் தூங்கப் போகலாம்.

11. "தோள்ல நல்லாத் தூங்குறா. கீழ போட்ட அடுத்த நொடி முழிச்சிக்கிறா!"

தூங்கியதும் உடனே போடுகிறீர்கள், அதுதான் விஷயம். ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிலையத்தில் 2022-ல் இதையே பார்த்தார்கள். அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நிற்காமல், ஒரே சீராக நடக்க வேண்டும். கண் மூடியதும் அப்படியே மடியில் வைத்து 5 முதல் 8 நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு கிடத்த வேண்டும். உடம்பை விட்டுப் பிரிகிற அந்த நொடியில்தான் பிள்ளைக்கு விழிப்பு வருகிறது. தூக்கம் ஆழமான பிறகு பிரித்தால் தெரிவதில்லை.

தாலாட்டுங்கள். குரல் நன்றாக இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம். தால் என்றால் நாக்கு. நாக்கை அசைத்து "லுலுலு" என்று எழுப்புகிற அந்த ஓசைதான் தாலாட்டின் வேர், சொல்லும் ராகமும் பிறகு வந்தவை. காதருகே "உஷ்ஷ்ஷ்" என்று இழுப்பதும் அதே வேலையைச் செய்யும். சேலைத் தூளியில் போட்டு ஆட்டுவது நம் கைவசமுள்ள நல்ல முறை, ஆனால் யாராவது பக்கத்தில் விழித்திருக்க வேண்டும். தாடை மார்பில் முட்டும்படி தலை மடங்கினால் மூச்சு தடைப்படும். ராத்திரித் தூக்கத்துக்கு, தலையணை இல்லாத சமமான பாயில் மல்லாக்கக் கிடத்துங்கள்.

12. "முக்கி முக்கி, முகம் செவந்து அழுறான். வெத்தலைக் காம்பு வைக்கச் சொல்றாங்க."

பத்து நிமிடம் முக்கி அழுதுவிட்டுக் கடைசியில் இளக்கமாகத்தான் போகிறான் என்றால் அது மலச்சிக்கல் இல்லை. வயிற்றை அழுத்துவதையும் ஆசனவாயைத் தளர்த்துவதையும் ஒரே நேரத்தில் செய்ய அவனுக்கு இன்னும் பழகவில்லை. தானாகப் பழகிக்கொள்வான். காம்பும் சோப்புத் துண்டும் வைத்தால் அதற்காகவே காத்திருக்கப் பழகுவான், உள்ளே கிழியவும் செய்யும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை ஒன்றரை மாதத்துக்குப் பிறகு நாலைந்து நாள் போகாமல் இருந்தாலும், போகும்போது இளக்கமாக இருந்தால் பயமில்லை. ஒன்றுக்குப் போகும் முன் சற்று அழுவதும் பொதுவானதுதான். ஆண் பிள்ளைக்கு மூத்திரம் பீய்ச்சாமல் சொட்டுச் சொட்டாக வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

13. "ஒன்றரை மாச ஊசி போட்ட அன்னைக்கு ஆரம்பிச்ச அழுகை. இனி ஊசியே வேண்டாம்னு இவர் சொல்றார்."

6-ஆம் வாரம், 10-ஆம் வாரம், 14-ஆம் வாரம் என்று ஊசி போடுகிறோம். 2-ஆம் கேள்வியில் சொன்ன அந்த மலையின் உச்சியும் 6-ஆம் வாரம்தான். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுவதால் பழி ஊசி மேல் விழுகிறது. ஊசியால் வரும் அழுகையும் காய்ச்சலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், மாரில் போடுங்கள், செவிலியர் சொன்ன அளவில் மட்டும் காய்ச்சல் மருந்து கொடுங்கள். மூன்று மணி நேரம் விடாமல் வீறிட்டால் அவரிடம் சொல்லுங்கள், குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி அது. அடுத்த ஊசியை விட்டுவிடாதீர்கள். இந்த ஊசி தடுக்கும் கக்குவான் வந்த பச்சைப்பிள்ளை இருமி இருமி நீலம் பாரிப்பதைப் பார்த்தவள் சொல்கிறேன்.

14. "எப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்?"

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே போக வேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது. பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், வெட்டு (வலிப்பு) வந்தாலும், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும், உச்சிக்குழி புடைத்தாலும், கீழே விழுந்த பிறகு அழுகை மாறியிருந்தாலும் அப்படித்தான். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஐந்தாறு மாதப் பிள்ளை திடீரென்று வீறிட்டு, காலை மடக்கி, வெளிறிப் போகிறது. சில நிமிடத்தில் அடங்கி அசந்து கிடக்கிறது. கால் மணி, அரை மணி கழித்து மறுபடி வீறிடுகிறது. இது குடல் செருகலாக இருக்கலாம், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது. மலத்தில் ரத்தமும் சளியும் வரும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும். சீக்கிரம் போனால் பெரும்பாலும் அறுவை இல்லாமலே சரிசெய்துவிடுவார்கள். அடிவயிற்றின் ஓரத்திலோ விதைப்பையிலோ கட்டியாக வீங்கி, தொட்டால் அழுதாலும் அதே அவசரம்.

இன்னொன்று, பலர் பார்க்காமல் விடுவது: கால்விரல். பிள்ளை பெற்று மூன்று நான்கு மாதத்தில் தாய்க்கு முடி கொட்டும். ஒரே ஒரு முடி பிள்ளையின் விரலில் சுற்றி இறுகினால் விரல் சிவந்து வீங்கும், கவனிக்காவிட்டால் விரலே போகும். ஒரு வீட்டில் இரண்டு நாள் கிரைப் வாட்டர் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். காலுறையைக் கழற்றியதும் முடி கிடைத்தது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டிய கறுப்புக் கயிறு பிள்ளை வளர வளர இறுகும் என்பதையும் மறக்காதீர்கள்.

15. "என் பிள்ளை அழவே மாட்டான். நல்ல பிள்ளைதானே?"

குடித்து, விழித்து, முகம் பார்த்து, எடை ஏறினால் சந்தோஷம்தான். ஆனால் நேற்று வரை அழுத பிள்ளை இன்று பாலுக்கும் அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் எனக்கு வீறிடும் பிள்ளையைவிட அதிக பயம் வரும். முதல் மாதத்தில் கிருமி ரத்தத்தில் ஏறியதும், மஞ்சள் காமாலை முற்றியதும் இப்படித்தான் தெரியும். நான்கு மணி நேரம் தாண்டியும் பாலுக்கு எழவில்லை என்றால் எழுப்புங்கள். எழுப்பியும் சப்பவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

16. "ராத்திரி மூணு மணிக்கு அவ கத்தும்போது தூக்கிப் போட்டுடலாம்னு வருது. நான் கெட்ட அம்மாவா அக்கா?"

இல்லை கண்ணு. இதைக் கேட்ட பெண்கள் எல்லோரும் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார்கள். அப்படித் தோன்றினால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கக் கிடத்துங்கள். வெளியே வந்து கதவை ஒருக்களித்து, பத்து நிமிடம் முகம் கழுவி, தண்ணீர் குடித்து உட்காருங்கள். பாதுகாப்பான இடத்தில் பத்து நிமிடம் அழுததால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. பிடித்து உலுக்கினால் சில நொடியில் மூளையில் ரத்தம் கசியும், கண் பார்வை போகும், உயிரும் போகும். வீட்டில் பிள்ளையைத் தூக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. மருந்தும் பேச்சும் அதைச் சரிசெய்யும். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றினால் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, காசு இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

17. "நான் அப்பா. நான் போய் என்ன செய்ய முடியும்?"

பால் கொடுப்பதைத் தவிர மேலே சொன்ன எல்லாவற்றையும். முக்கியமாகச் சாயங்காலம் 6 முதல் 9 வரை, 3-ஆம் கேள்வியில் சொன்ன அந்த நேரத்தில், வீட்டுக்கு வந்துவிடுங்கள். சட்டையைக் கழற்றி, பிள்ளையை வெற்று மார்பில் சாய்த்து, 11-ல் சொன்ன மாதிரி திண்ணைக்கும் வாசலுக்குமாக நடங்கள். அவள் அந்த நேரத்தில் சுடச்சுட ஒரு வாய் சாப்பிடட்டும்.